பட்டாளத்துப் பெட்டியும் மனுக் கட்டும்: ஊருக்கு உழைத்த முன்னாள் படைவீரரை நினைவுகூரும் முறை

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் பட்டாளத்துக்குப் போய்வந்தவர் வீட்டில் பெரும்பாலும் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். கறுப்புப் பெயின்ட் அடித்து, மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் படை எண்ணும் பதவியும் பெயரும் எழுதிய அந்தப் பெட்டி பரண்மேல் ஏறிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். அந்த மனிதர் ஓய்வுபெற்று வந்தபின் ஊர்ப் பொதுக்காரியங்களில் இறங்கியவர் என்றால், அதே வீட்டில் சணல் கயிற்றால் கட்டிய காகிதக் கட்டு ஒன்றும் இருக்கும். மாவட்ட ஆட்சியருக்குக் கொடுத்த மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் வந்த பதில்கள், மஞ்சளேறிய செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவை அதில் இருக்கும். அவர் காலமானதும் பெட்டியை இறக்கி, பதக்கங்களையும் சீருடைப் படத்தையும் வெளியே எடுப்பார்கள். காகிதக் கட்டோ, அடுத்த முறை வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போய்விடும்.

இவ்விரண்டையும் சேர்த்து ஒருவரை எப்படி நினைவுகூர்வது என்பதே இந்தக் குறிப்புகளின் பொருள். அவிநாசி, அன்னூர் வட்டாரத்தில் மூன்று முன்னாள் படைவீரர்களுக்கான ஏற்பாடுகளில் உடன் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதலாவது ஏற்பாட்டில் நாங்கள் செய்யாத பிழை இல்லை. சுபேதாராக ஓய்வுபெற்றவரை ஹவில்தார் என்று அச்சிட்டோம். அவர் பார்க்காத போர் ஒன்றைப் பார்த்ததாக மேடையில் சொன்னோம். அவர் இருபது ஆண்டுகள் அலைந்து மீட்ட குட்டையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலி அடுக்கும்போது அவருடைய மனைவிதான், "அந்தக் குட்டையப் பத்தி ஒருத்தருமே சொல்லலீங்களே" என்றார்.

ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் அந்த அம்மாவின் வருத்தம் விளங்கும். சிப்பாய் நிலையில் சேர்ந்தவர் ஓய்வூதியம் பெற 15 ஆண்டுப் பணி போதும். எனவே 19 வயதில் போனவர் பலர் 36, 37 வயதிலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். வந்தபின் பஞ்சாலை வாசலிலோ வங்கியிலோ காவல் பணி, கொஞ்சம் விவசாயம், மீதி நேரமெல்லாம் ஊர்க்காரியம். அவர் 78 வயதுவரை வாழ்ந்தால் சீருடையில் கழிந்தது 18 ஆண்டுகள். ஊரோடு கழிந்தது 40க்கும் மேல். நம் அஞ்சலிகள் முதல் பகுதியைப் பேசிவிட்டு நின்றுவிடுகின்றன. போர் யாருக்கும் சங்கடம் தராத செய்தி என்பது ஒரு காரணம். ஊர்க்காரியம் அப்படியல்ல, அவர் யாருடைய ஆக்கிரமிப்பை எதிர்த்து மனுக் கொடுத்தாரோ அவர் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்திருப்பார்.

உயிரோடு இருக்கும்போதே தொடங்குங்கள்

முடிந்தால் இந்த வேலையை அவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும். ஒலிப்பதிவுக்குக் கைப்பேசியே போதும். ஆனால் ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது வாசலில் வைத்துப் பதிவு செய்தால் காற்றின் இரைச்சல்தான் மிஞ்சும்; உள்வீட்டில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் பதியுங்கள். கேட்பவர் பேரனோ பேத்தியோ ஆக இருப்பது நல்லது. "போர் அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மேடைப்பேச்சுதான் வரும். "ஏனுங்க அப்பாரு, மொதமொதல்ல எந்த ஸ்டேசன்ல ரயில் ஏறுனீங்க, கையில என்ன இருந்துச்சு?" என்று கேட்டால், ஈரோடு ஜங்ஷனும் தகரப் பெட்டியும் கட்டுச்சோறும் அம்மாவின் அழுகையும் தாமாக வரும். லங்கர், பாரக், சுட்டி என்று அவர் இந்திச் சொற்களைக் கலந்து பேசுவார். எழுத்தாக்கும்போது அவற்றை உணவுக்கூடம், பாசறை, விடுப்பு என்று திருத்தி எழுதாதீர்கள். அந்தச் சொற்களிலும் அவர் வாழ்ந்த காலம் இருக்கிறது.

மனைவியிடம் தனியே ஓர் அமர்வு வைத்துக்கொள்ள வேண்டும். கணவர் எல்லையில் இருந்த ஆண்டுகளில் தோட்டத்தையும் மாடுகளையும் குழந்தைகளையும் மாமனார் மாமியாரையும் மணியார்டரை வைத்துக்கொண்டு நடத்தியவர் அவர். பின்னாளில் கணவர் ஊர்வம்பை விலைக்கு வாங்கிவந்தபோது, கடைக்காரர் கடன் தர மறுத்ததையும் பக்கத்துத் தோட்டத்தார் பேச்சை நிறுத்தியதையும் தாங்கியவரும் அவரே. "எனக்கென்னங்க தெரியும், அவுங்களையே கேளுங்க" என்று தொடங்குவார்; காப்பி ஆறும் வரை பொறுத்திருந்தால் போதும்.

சில ஆண்டுகளைப் பற்றிப் படைவீரர் பேசமாட்டார். 1987 ஜூலைக்கும் 1990 மார்ச்சுக்கும் இடையே இந்திய அமைதிகாக்கும் படையில் இலங்கைக்குப் போய்வந்த தமிழ் வீரர்கள் பலரிடம் இந்த மௌனத்தைப் பார்க்கலாம். தமிழ் பேசும் ஊர்களுக்குள் சீருடையோடு நுழைய நேர்ந்தவர்கள் அவர்கள். அங்கே மொழிபெயர்ப்பவராகவும் நிற்க வேண்டியிருந்தது. அப்படிப்பட்டவர் வாயைத் திறக்கவில்லை என்றால், நமக்குப் பிடித்த அரசியலை அவர் வாயில் வைக்க நமக்கு உரிமை இல்லை. பணி ஆவணத்தில் உள்ள தேதிகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

முதல் வாரம்

இறப்பு நேர்ந்தவுடன் இளைஞர்கள் உணர்ச்சிவசப்பட்டு முதலில் தேடுவது தேசியக்கொடியைத்தான். இங்கே நிதானம் வேண்டும். 2002ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பின்படி, அரசு மரியாதையுடனோ முப்படை, துணை இராணுவப் படை மரியாதையுடனோ நடக்கும் இறுதிச்சடங்கில் மட்டுமே உடல்மீது கொடி போர்த்தலாம். ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் கழித்து வீட்டில் காலமானவருக்கு நாமாகக் கடையில் வாங்கிவந்து போர்த்துவது, எவ்வளவு அன்பில் செய்தாலும், விதிக்குப் புறம்பானது. முறைப்படி போர்த்தும் இடத்திலும் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும். கொடியை எக்காரணம் கொண்டும் குழியில் இறக்கவோ சிதையில் எரிக்கவோ கூடாது. 1932 ஜனவரியில் திருப்பூரில் தடியடிபட்டும் கொடியைக் கைவிடாத குமரன் சென்னிமலையில் பிறந்தவர். இந்தப் பக்கத்துக்காரர்கள் கொடி விஷயத்தில் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருக்கலாம். கொடிக்குப் பதிலாக அவருடைய படைப்பிரிவின் தொப்பியையும் பதக்கங்களையும் படத்தின் அருகே வைத்தால் போதும்.

படையின் சார்பில் மலர்வளையம் கிடைக்குமா என்பதை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கிடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஊரில் அறிவித்துவிடாதீர்கள். வட்டாரத்தில் உள்ள மற்ற முன்னாள் படைவீரர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனால், அவர்கள் தாமாகவே தொப்பி அணிந்து வந்து வரிசையில் நிற்பார்கள். நான் பார்த்த மூன்று இறுதிச்சடங்குகளிலும் பிள்ளைகளின் நெஞ்சில் நின்றது அந்த வரிசைதான்.

துக்கம் விசாரிக்க வருபவர்கள் ஓய்ந்ததும் செய்ய வேண்டியது, மனைவியின் குடும்ப ஓய்வூதியத்துக்கான வேலை. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. சான்றிதழின் சில பிரதிகளோடு நல அலுவலகத்துக்குப் போனால், எந்தப் பதிவலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்று சொல்வார்கள்; மதராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூரை அடுத்த வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. சிக்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். திருமணமான புதிதில் படையில் "பழனாத்தாள்" என்று பதிவாகியிருக்கும். ஆதாரில் "பழனியம்மாள்" என்று இருக்கும். இந்த ஒரு முரண்பாட்டால் மாதக்கணக்கில் பணம் நின்றுபோன வீட்டை நான் அறிவேன். நினைவுக் கூட்டத்துக்கு நன்கொடை திரட்டும் குழுவினர், இந்தக் காகிதங்களை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவை அலுவலகத்துக்கு அழைத்துச்செல்ல ஒருவரை முதலில் அமர்த்த வேண்டும்.

பெட்டியைப் படிக்கும் முறை

பெட்டியில் முதலில் தேட வேண்டியது டிஸ்சார்ஜ் புக். சேர்ந்த நாள், விடுபட்ட நாள், கடைசிப் பதவி, பணியாற்றிய பிரிவு, பெற்ற பதக்கங்கள், நன்னடத்தைக் குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். ஊரார் சொல்லும் கதையும் இந்தப் புத்தகமும் மாறுபட்டால் புத்தகத்தையே நம்புங்கள். பெயரை எழுதும்போது பதவியை முன்னாலும், ஓய்வு என்ற குறிப்பைப் பெயருக்குப் பின்னாலும் போடுவது வழக்கம். ஓய்வுபெறுவது ஆள்தான், பதவியல்ல என்று படைக்காரர்கள் சொல்வார்கள்.

பதக்கத்தை எடுத்து அதன் விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான பதக்கங்களின் விளிம்பில் அவருடைய எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். எந்தப் போர் என்ற கேள்விக்கும் பதக்கங்களே பதில் சொல்லும். சமர் சேவா ஸ்டார் 1965ஆம் ஆண்டுப் போருக்கு உரியது. 1971 டிசம்பர் போரில் கிழக்கு முனையில் இருந்தவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவருக்குப் பஸ்சிமி ஸ்டார். 1999 கார்கில் போருக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டார். இவை எதுவும் பெட்டியில் இல்லை என்றால் அவர் குண்டு பாய்ந்த வீரர் என்று மேடையில் அளக்க வேண்டாம். பனிமலைச் சாலையில் பதினேழு ஆண்டுகள் லாரி ஓட்டியவருடைய வாழ்க்கைக்கு இரவல் காயம் தேவையில்லை. இன்னொன்று: கூட்டத்துக்கு முன்தினம் பதக்கங்களைப் பளபளப்பாக்க வேண்டும் என்று புளி போட்டுத் தேய்க்கும் ஆசை வரும். குத்துவிளக்குக்கு அது சரி. பதக்கத்தில் பொறித்த எழுத்து தேய்ந்துவிடும், நாடா கறைபட்டுவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

பழைய இன்லண்ட் கடிதங்கள் கிடைத்தால் பெரும் பேறு. ஆனால் அனுப்பிய இடத்தில் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ என்று மட்டுமே இருக்கும். படைகளுக்கான அஞ்சல் முகவரி அது. ஊர்ப்பெயர் அதில் வராது. கடிதத்தின் தேதியை டிஸ்சார்ஜ் புத்தகத்தோடு ஒப்பிட்டால்தான் அவர் எங்கிருந்து எழுதினார் என்பது ஓரளவு தெரியவரும். அண்மைக் காலத்தில் ஓய்வுபெற்றவர் என்றால், முகாம் இருக்கும் இடம், படைப்பிரிவின் நடமாட்டம் போன்றவற்றைப் பொதுவில் வெளியிடாமல் விடுவது நல்லது.

கட்டைப் பிரித்து அடுக்குதல்

இனி அந்த மனுக் கட்டு. என் பார்வையில் இந்த வேலையின் கடினமான பகுதியும் இன்றியமையாத பகுதியும் இதுதான்; பெட்டிக்கு ஒரு நாள் போதும் என்றால் கட்டுக்கு ஒரு மாதம் வேண்டும்.

முதலில் துருப்பிடித்த குண்டூசிகளையும் ஸ்டேப்ளர் பின்களையும் மெதுவாக நீக்குங்கள். கரையான் அரித்த தாள்களைத் தனியே எடுத்து நிழலில் உலர்த்துங்கள். எதையும் லேமினேட் செய்யாதீர்கள். ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர் பிரிக்க முடியாது. ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், பொருள் மூன்றையும் எழுதி வையுங்கள். பிறகு தேதிப்படி அடுக்காமல் பிரச்சினைவாரியாக அடுக்குங்கள்: குட்டைக்கு ஒன்று, சுடுகாட்டுப் பாதைக்கு ஒன்று, நியாயவிலைக் கடைக்கு ஒன்று, பேருந்து நிறுத்தத்துக்கு ஒன்று. அப்படி அடுக்கும்போதுதான் ஒரு மனிதர் ஒரே குட்டைக்காக எத்தனை ஆட்சியர்களைப் பார்த்திருக்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் ஒப்புகைச் சீட்டுகளையும், கிராம சபைத் தீர்மான நகல்களையும், புல வரைபடம், அடங்கல், சிட்டா போன்ற வருவாய் ஆவணங்களையும் தனித்தனி உறைகளில் போடுங்கள். வேலையைத் தொடர்பவருக்கு அவைதான் ஆயுதம்.

பட்டாளத்துக் கட்டுப்பாடு ஊர்க்காரியத்தில் எப்படி இறங்கியது என்பதும் இந்தக் கட்டிலிருந்தே தெரியும். எங்கள் சுபேதார் ஒவ்வொரு மனுவின் பின்பக்கத்திலும் அலுவலகத்துக்குள் நுழைந்த நேரம், வெளியே வந்த நேரம், பேசிய அதிகாரியின் பதவி, அவர் சொன்ன பதில் ஆகிய நான்கையும் பென்சிலால் குறித்திருந்தார். காவல் முறைப் பதிவேடு எழுதிய பழக்கம் என்று அவருடைய நண்பர் சொன்னார். வாழ்க்கைக் குறிப்பு எழுதுபவர் தேட வேண்டியவை இப்படிப்பட்ட இணைப்புகள்தான். "நாட்டுக்கும் உழைத்தார், வீட்டுக்கும் உழைத்தார்" என்று எதுகை மோனையோடு எழுதினால் எந்த மனிதருக்கும் அது பொருந்திவிடும்.

எழுதும்போது ஊரின் பெரிய போராட்டத்தையும் இவருடைய பங்கையும் பிரித்துக் காட்ட வேண்டும். அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டிஎம்சியைக் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழிருந்து எடுத்து, ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 ஏரி, குளம், குட்டைகளை நிரப்பும் திட்டம் அது. பல பத்தாண்டுக் கோரிக்கைக்குப் பின் 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டு, 2024 ஆகஸ்ட் 17 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இதற்காக ஆயிரக்கணக்கானோர் உண்ணாவிரதம் இருந்தார்கள், நடந்தார்கள், கையெழுத்திட்டார்கள். "திட்டம் வர இவரே காரணம்" என்று எழுதினால் மற்றவர்களுக்கு அநீதி; "திட்டத்துக்காகப் போராடினார்" என்று எழுதினால் இவருக்கு அநீதி. பட்டியலில் விடுபட்ட எந்தக் குட்டையைச் சேர்க்கக் கோரினார், எந்த நாளில் எந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தார், அதற்கு என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள்.

நொய்யல் சாயக்கழிவுக்கு எதிராக நின்றவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது விவசாயிகளுக்கு மூச்சு வந்தது. அதே வாரம் பல ஆயிரம் தொழிலாளர் வீடுகளில் உலை நின்றது. அஞ்சலிக் கூட்டத்தில் இரு தரப்பினரும் உட்கார்ந்திருப்பார்கள். வேலை இழந்தவர் அவரிடம் வந்து சண்டையிட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்பது தெரிந்தால் மிக நல்லது.

கூட்டம்

கூட்டத்துக்கு நாள் பார்க்கும்போது முகூர்த்த நாட்களோடு ஊர் நோம்பியையும், அதாவது கோயில் திருவிழாவையும், பாருங்கள். மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால் ஊருக்குள் வேறு நிகழ்ச்சி வைக்க முடியாது. முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. பொருத்தமான நாள்தான், ஆனால் பொங்கலோடு மோதும், மாட்டுப் பொங்கலுக்குப் பட்டி கட்டும் வேலையில் ஒருவரும் வரமாட்டார்கள். டிசம்பர் 7 கொடி நாள் நமக்கு ஒத்துவந்தது. மழை ஓய்ந்திருக்கும், இரவில் பனி இறங்கும் முன் கூட்டத்தை முடித்துவிடலாம்.

இடம் நாளைவிட முக்கியம். நம் பகுதியில் திருமண மண்டபங்கள் பலவும் ஏதாவது ஒரு சாதியின் பெயரில் நிற்கின்றன. அருந்ததியர் தெருவுக்குச் சாலை கேட்டவருக்கும், டீக்கடையில் இரட்டைக் குவளையை எதிர்த்தவருக்கும் அப்படி ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தால், யாருக்காக அவர் உழைத்தாரோ அவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். அரசுப் பள்ளி வளாகம், ஊராட்சி மன்றத் திடல், குளக்கரை ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். சாப்பாடு ஒரே பந்தி. அழைப்பிதழில் சாதிப் பட்டம் வேண்டாம். படைப் பதவி போதும். இதில் உறவினர்களோடு ஒரு வாக்குவாதம் வரும், வரட்டும்.

பேச்சாளர்கள் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம், ஆளுக்கு ஐந்து நிமிடம், தம் கண்ணால் பார்த்த ஒரு நிகழ்ச்சி மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் பேச்சைக் கட்சிக்காரருக்குக் கொடுத்தால் மைக் திரும்பி வராது. குடத்தோடு அவருடன் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன பெண்களில் ஒருவரை முதலில் பேசச் சொல்லுங்கள். "எங்க வீதிக்குச் சாக்கடை வந்ததே மிலிட்டரிக்காரராலதானுங்க" என்று அவர் சொன்னால், எந்த ஆண்டு, எந்த வீதி என்பதைப் பக்கத்தில் ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். அதுதான் உங்கள் தொகுப்பின் அடுத்த தாள்.

சாலையோரத்தில் ஃப்ளெக்ஸ் வைக்காதீர்கள். கோவை அவிநாசி சாலையில் 2017 நவம்பரில், சாலையில் நிறுத்தியிருந்த அலங்கார வளைவு ஒரு இளைஞரின் உயிரிழப்பில் முடிந்ததை இந்த ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. ஆக்கிரமிப்பை எதிர்த்தவருடைய படத்தை நடைபாதையை மறித்து நிறுத்துவது அவரைக் கேலி செய்வது போலாகும்.

கல், மரம், குளம்

அடுத்து ஒருவர் எழுந்து சிலை வைக்கலாம் என்பார். பொதுச் சாலையிலும் நடைபாதையிலும் சிலைக்கோ கட்டுமானத்துக்கோ அனுமதி தரக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரியில் உத்தரவிட்டிருக்கிறது. வீதிக்குப் பெயர் சூட்ட ஊராட்சி மன்றத் தீர்மானமும் அரசின் இசைவும் வேண்டும். எனவே சொந்த நிலத்திலோ உரிய அனுமதி பெற்ற இடத்திலோ ஒரு கல் நடுவதே நடக்கக்கூடிய காரியம். நமக்கு அது புதிதும் அல்ல. கொங்கு நாட்டுக் காட்டோரங்களில் புலிக்குத்திக் கற்கள் இன்னும் நிற்கின்றன. பட்டியைக் காக்கப் புலியோடு பொருதி மாண்டவனுக்கு ஊர் நட்ட கல் அது. அவன் என்ன செய்தான் என்பதை எழுத்தறியாதவனும் பார்த்தவுடன் தெரிந்துகொள்வான். தொல்காப்பியம் நடுகல்லுக்குச் சொல்லும் ஆறு நிலைகளில் கல்லைத் தேர்ந்து காணும் காட்சி முதலாவது, வாழ்த்தல் கடைசி. நாம் இன்று வாழ்த்திலிருந்து தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம்.

கல்லில் நான்கு செய்திகள் போதும்: பெயரும் பதவியும், படையில் இருந்த ஆண்டுகள், ஊருக்குச் செய்த ஒரு காரியம், கல்லை நட்டவர் யார் என்பது. "மாமனிதர்", "தியாகச் செம்மல்" போன்ற அடைமொழிகளை விட்டுவிட்டால் எழுத்தைப் பெரிதாகப் பொறிக்கலாம். அவிநாசிக்குப் பக்கத்தில் திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடங்களில் கருங்கல்லில் நன்றாகச் செய்து தருவார்கள். எழுத்துப்படியை டிஸ்சார்ஜ் புக்கோடு ஒப்பிட்டு, இரண்டு பேர் கையெழுத்திட்டுக் கொடுங்கள். கல்லில் விழுந்த பிழையைத் திருத்தச் சொல்லி உளியிடம் கேட்க முடியாது.

மரம் நடுவதாக இருந்தால் புகைப்படத்துக்காக நூறு வேண்டாம், தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் அளவுக்கு நடுங்கள். வானம் பார்த்த நம் மேட்டு நிலத்துக்கு வேம்பு, புங்கன், வெள்வேல் தாங்கும், குளக்கரைக்குப் பனை. பனை விதையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, புரட்டாசியில், கரையின் வெளிச்சரிவில் ஊன்றிவிட்டால் பிறகு ஆள் தேவையில்லை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு வீட்டைப் பொறுப்பாக்கி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் சீமைக்கருவேலம் அகற்றுவது, நீர்வரத்து வாய்க்காலைச் செப்பனிடுவது போன்ற வேலைக்குப் பயன்படுத்துங்கள். பொது நீர்நிலை என்றால் துறை அனுமதி இல்லாமல் பொக்லைனை இறக்க வேண்டாம். காலிங்கராயன் வாய்க்கால் வெட்டியவர், தம் வம்சத்தார் அந்தத் தண்ணீரைத் தொடமாட்டார்கள் என்று சூளுரைத்து ஊரையே விட்டுப் போனதாகச் சொல்வார்கள். அந்த அளவுக்கு வேண்டாம். செப்பனிட்ட வாய்க்காலில் முதல் தண்ணீர் நன்கொடையாளர் தோட்டத்துக்குப் பாயாமல் இருந்தால் போதும்.

மீதமிருக்கும் வேலைகள்

கட்டைப் பிரச்சினைவாரியாக அடுக்கி முடித்தபோது முடியாத வேலைகளின் பட்டியல் ஒன்று தானாக உருவாகியிருக்கும். அதை ஒரே தாளில் எழுதுங்கள்: வேலை, எந்த அலுவலகம், கடைசி மனுவின் தேதி, வந்த பதில், இனி யார் பொறுப்பு. கடைசிக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது. கூட்டத்தில் இந்தத் தாளை வாசித்து, பொறுப்பேற்பவரை மேடைக்கு அழைத்துக் கையெழுத்து வாங்குங்கள். சால்வை போடுவதற்கு ஒதுக்கிய நேரம் இதற்குச் சரியாக இருக்கும்.

அவர் பெயரில் நிலுவையில் இருக்கும் தகவல் உரிமை மனுக்களைப் பற்றிக் குழம்ப வேண்டாம். அதே கேள்விகளோடு புதியவர் பெயரில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் புது மனு போடலாம்; 30 நாட்களில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாட்களுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. அவர் மட்டுமே மனுதாரராக இருந்த வழக்கு உயர் நீதிமன்றத்தில் இருந்தால் தாமதிக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். கரூர் மாவட்டத்துக்கு மதுரைக் கிளை, கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் மாவட்டங்களுக்குச் சென்னை. ஊராட்சி அளவிலான வேலைகளைக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு வாய்ப்புகள் இருக்கின்றன. தனியாகப் போனால் மிரட்டல் வரக்கூடிய வேலை என்றால், குறிப்பாக மணல், கல்குவாரி, ஆக்கிரமிப்பு சம்பந்தப்பட்டது என்றால், ஒருவர் பெயரில் எழுதாமல் ஐந்து பேராகக் கையெழுத்திடுங்கள். இறந்தவருக்கு இருந்த துணிச்சலை அவருடைய மகனிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல.

முதலாம் ஆண்டு நினைவு நாளில் அதே தாளை மீண்டும் வாசிக்க வேண்டும். எங்கள் சுபேதாரின் தாளில் ஒன்பது வேலைகள் இருந்தன. முதல் ஆண்டில் முடிந்தவை இரண்டுதான்: நியாயவிலைக் கடைக்கு இரண்டாவது எடைத்தராசும், பள்ளி முன்பு வேகத்தடையும். மூன்றாவது, குட்டைக்கு வரும் ஓடைப் புறம்போக்கை அளந்து எல்லைக்கல் நடுவது. இரண்டாம் ஆண்டு தை மாதத்தில் நில அளவர் வந்தார். கட்டிலிருந்து எடுத்துப்போன புல வரைபட நகலில் சுபேதார் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்த மூலையிலிருந்து சங்கிலியைப் போட்டார்கள்.